தலைவரின் எடை

"தலைவரைத் தராசுல ஏத்துறதா? டீச்சர், உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று பாய்ந்தார் ஃபெலெட்டி.

லவினியா டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு. விமானம் வரும் வியாழக்கிழமை மட்டும் ஓடுதளத்தில், கொப்பரைத் தேங்காய் நிறுக்கும் தராசு. டோங்காவில் ஒரு தலைவரின் எடையை வாய்விட்டுச் சொல்வது, அவர் தலையில் குட்டுவது மாதிரி.

"ஆறு பேர். அறுநூறு கிலோ. அதுக்கு மேல ஒரு கிலோகூடத் தூக்க மாட்டேன்," என்றார் விமானி சோசையா.

ஃபெலெட்டி, அவர் மனைவி மெலனைட்டே, இரண்டு மச்சான்கள். பெரிய தீவில் கல்யாணம். ஊர் மரியாதைப்படி இடுப்பில் சுற்றிக்கட்டிய பாயோடு நடக்கவே முடியாமல் ஆடி ஆடி வந்து தராசில் ஏறினார்கள். மூட்டைக்குத்தான் கட்டணம், உடம்புக்கு இல்லை.

நாலு பேரும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூறு.

அடுத்து கலோலைன், கைக்குழந்தையோடு. அறுபது. குழந்தை மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு தெரிந்தது. பெரிய தீவு ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போயாக வேண்டும்.

மிச்சம் தலைவர். பாய்க்கு மேல் பாய் கட்டி மலை மாதிரி நின்றார்.

"தலைவரும் கூட்டத்தோடு கூட்டமா ஏறட்டும்," என்றாள் லவினியா. "மொத்தம் மட்டும் வாசிப்பேன். அதுல அஞ்சு பேரோட ஐந்நூற்று ஐம்பதைக் கழிச்சா..."

"கழிச்சா?" ஃபெலெட்டி முறைத்தார்.

"யாருக்கும் காட்டாம கழிச்சுக்குவேன்."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் நின்றார்கள். மச்சானின் முழங்கை தலைவரின் காதுக்குள். அறுநூற்று முப்பத்தைந்து.

லவினியா மணலில் விரலால் கழித்தாள். விடையைப் பார்த்தாள். உடனே காலால் அழித்தாள்.

"முப்பத்தஞ்சு கூடுது. கடைசியா டிக்கெட் போட்டது யாரு? அவங்க நின்னுக்கணும்," என்றார் விமானி.

கலோலைன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "கேப்டன், அடுத்த வியாழன்வரைக்கும் இவன் தாங்க மாட்டான்..."

"எங்க எடையெல்லாம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் மெலனைட்டே, தலைவரின் வயிற்றைப் பார்த்தபடி.

"பச்சப்புள்ள இடத்தையும் சேர்த்துத் தின்னுது," என்று ஃபெலெட்டி முணுமுணுத்தார். காதில் விழும்படியாகத்தான்.

தலைவர் கையை உயர்த்தினார்.

"இன்னும் பயண ஜெபம் பண்ணலையே. எல்லாரும் கண்ணை மூடுங்க. கேப்டன், நீங்களும்."

கடலுக்காக ஜெபித்தார். காற்றுக்காக, ராஜாவுக்காக, விமானியின் மாமியாருக்காக. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆண்டவரே, ஒரு குழந்தைக்கு இடம் வேணும். நாங்க சுமக்கிறதுல எது வேண்டாததோ, அதை இறக்கி வைக்க..."

தொப்.

யாரோ இருமினார்கள். தொப், தொப். ஏதோ உருண்டு ஓடியது. சத்தம் ஓயும்வரை தலைவர் 'ஆமென்' சொல்லவே இல்லை.

கண்ணைத் திறந்தால், தரையெல்லாம் கிழங்கு, டின் மாட்டிறைச்சி, வாழையிலையில் சுற்றிய அரைப் பன்றி. ஃபெலெட்டி குடும்பம் நாலு பேரும், நழுவும் பாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தக் குவியலை வாழ்க்கையிலேயே முதன்முறை பார்ப்பவர்கள்போல் பார்த்தார்கள்.

மறுபடி எல்லாரும் ஏறினார்கள். ஐந்நூற்று முப்பத்தெட்டு!

"போலாம்!" என்றார் விமானி. "யாரை முன்னால உட்கார வைக்கணும்? தலைவர் எவ்வளவு டீச்சர்?"

லவினியா மணலில் கழித்தாள். திரும்பக் கழித்தாள். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எடையைச் சொல்லக் கூடாது என்று வழக்கத்தில் எதுவும் இல்லை.

"மைனஸ் பன்னிரண்டு."

"அப்ப அவரைக் கயித்தால கட்டுங்க. நமக்கு முன்னால பறந்து போயிடப்போறார்." சிரித்த விமானியின் முகம் சட்டென்று மாறியது. "யாரோ முதல்ல பொய் எடை காட்டியிருக்காங்க. ஒவ்வொருத்தரா திரும்ப ஏறுங்க. பொய் காட்டினவங்களுக்கு இன்னிக்கு விமானம் கிடையாது."

ஃபெலெட்டியின் உதடு வெளுத்தது.

"வேண்டாம்," என்றார் தலைவர். "அந்தச் சாமான் என்னோடது. என் பாய்க்குள்ள இருந்துச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்தான். நான் இங்கேயே நின்னுக்கிறேன். குழந்தையை முதல்ல ஏத்துங்க."

கலோலைன் ஓடிப்போய் ஏறினாள். பின்னாலேயே ஃபெலெட்டி குடும்பம். படியில் கால் வைத்த மெலனைட்டே லவினியாவின் காதில் கிசுகிசுத்தாள்:

"பாத்தீங்களா டீச்சர்? தலைவராம்! புள்ள மூச்சுக்குத் தவிக்குது, இவர் பன்னியை மடியில கட்டிக்கிட்டு வந்து நிக்கிறார்!"

லவினியாவால் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் தலைவரின் எடையைச் சொல்ல வேண்டிவரும்.

ஜெபத்தில் கீழே இறங்கியது தொண்ணூற்றேழு கிலோ. அவள் காலால் அழித்த முதல் விடைப்படி, கட்டிய பாயெல்லாம் சேர்த்தே தலைவர் எண்பத்தைந்துதான்.