ஒருவழிப் பாதையில் ஒரு டாக்டர்

"ஓரங்கட்டு! ஓரங்கட்டுன்றேன்ல! ஒன்வேன்னு போர்டு வெச்சிக்கீறது கண்ணுக்குத் தெர்ல?"

கான்ஸ்டபிள் நாகப்பன் ஊதிய விசிலில் அம்பத்தூர் எஸ்டேட் ரோடே ஒரு கணம் திடுக்கிட்டது. எதிர்த்திசையில் வந்த லாம்பி ஸ்கூட்டர் நாலடி தள்ளிப்போய் நின்றது. ஓட்டி வந்த இளைஞனின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், நான் டாக்டர். பேர் பாஸ்கரன். ரொம்ப அவசரம், விட்டுடுங்க."

முன்பெட்டியில் துருத்திக்கொண்டிருந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தும் நாகப்பன் மசியவில்லை.

"டாக்டரா இருந்தா இன்னா? ஆம்புலன்சுக்கும் ஃபயர் இன்ஜினுக்கும்தான் சட்டம் வழி உடுது. டாக்டர் ஸ்கூட்டருக்குன்னு அதுல ஒரு வரி கூட கெடையாது. லைசென்ஸ எடுங்க."

பாஸ்கரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"நேரம் தாண்டிட்டா எல்லாம் போச்சு சார். ஏற்கெனவே ரெண்டு இடத்துல லேட்டாப் போய், ரெண்டுமே கைநழுவிப் போச்சு."

கேஸ் எழுதப்போன பேனா நின்றது.

"ரெண்டா? அட பாவமே! இப்ப யாருக்கு?"

"ஒரு பொண்ணு சார். மண்ணூர்பேட்டையில."

"வயசு?"

"இருபத்திமூணு."

"அய்யய்யோ! வாழ வேண்டிய வயசாச்சே நைனா!"

நாகப்பனுக்கும் அந்த வயதில் ஒரு மகள் உண்டு. அவள் முகம் நினைவுக்கு வந்ததும் சட்டமெல்லாம் மறந்துபோனது. ஜங்ஷனை ஹோம் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் தாவி உட்கார்ந்தார்.

"உடு வண்டிய! குறுக்க எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்."

"ஐயோ சார், நீங்க எதுக்கு... நானே போயிடுறேன்..."

"பேசிகினு நிக்காத நைனா, ஓட்டு!"

விசில் பறந்தது. கம்பெனி பஸ் ஒதுங்கியது. தண்ணி லாரி ஒதுங்கியது. ஓர் எருமை மட்டும் ஒதுங்க மறுத்ததால் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியில் பாஸ்கரன் திரும்பித் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தான். விசில் சத்தத்தில் நாகப்பன் காதில் எதுவும் விழவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். ஸ்கூட்டர் நிற்கும் முன்பே நாகப்பன் குதித்து இறங்கினார்.

"ஜனம் கூடிச்சே! சீக்கிரம் வா நைனா!"

டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். கூடம் நிறைய ஆட்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் பேச்சு அடங்கியது.

"வழி உடுங்க, டாக்டரு வந்துட்டாரு! யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாஸ்கரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

உள்ளறைக் கதவோரத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"எனக்குத்தான் சார். காலையிலேருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

பாஸ்கரன் மெல்லப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாதம்மா, கரெக்ட் டயத்துக்குக் கூட்டியாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு நாகப்பன் வாசற்படி இறங்கினார்.

உள்ளேயிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்டது:

"ராகு காலம் வரப்போவுது, நாடி பாத்தது போதும் மாப்ளே! பொண்ணப் புடிச்சிருக்கா, அதச் சொல்லுங்க!"