எல்லையில் ஒரு சுற்றுலாப் படம்

அந்த மஞ்சள் பலகைக்குக் கீழே அவளை நிற்கச் சொன்னான் கணவன்.

நியூ மெக்ஸிகோ உங்களை வரவேற்கிறது என்றது பலகை. பத்தடி பின்னால் டெக்ஸாஸ் முடிந்திருந்தது. பக்கத்து மாட்டுப் பட்டியிலிருந்து வந்த சாண நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அவள் நின்றாள். வயிற்றில் இருபத்தோரு வாரப் பிள்ளை. கால் வீங்கியிருந்தது.

"கொஞ்சம் சிரி மங்கை. ஒரே ஒரு படம். அம்மாவுக்கு அனுப்பணும்."

சிரிக்க வேண்டுமாம்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். குழந்தைக்குச் சிறுநீரகம் இரண்டுமே இல்லை. பனிக்குட நீர் வற்றிவிட்டது. நுரையீரல் வளராது. பிறந்தால் கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவிக்கும், அவ்வளவுதான்.

அதுவரை தெளிவாகப் பேசியவர், அடுத்து என்ன செய்வது என்று கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த மாநிலச் சட்டப்படி கலைக்க முடியாது, அதைப் பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது என்றார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து மாநிலத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

அத்தனை வருஷப் படிப்பும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் உதவியது.

அவளுக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. சாகப் போகிற பிள்ளையை இன்னும் நான்கு மாதம் சுமந்துதான் தீர வேண்டும் என்று கோட்டுப் போட்டவர்கள் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இப்படிக் கால் வீங்கியிருக்குமா?

இன்னும் மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். நியூ மெக்ஸிகோவில் அந்தத் தடை இல்லை; இரண்டு மணிக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் நேரம் கொடுத்திருந்தார்கள்.

அவனுக்குப் பயம். கூட்டிக்கொண்டு போகிறவன் மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று எங்கோ படித்துவிட்டான். வேலை போகும், விசா போகும். அதனால் இது சுற்றுலா. அலுவலகத்துக்கும் சுற்றுலா, சிவகாசியில் இருக்கும் அவன் அம்மாவுக்கும் சுற்றுலா. வெள்ளை மணல் பாலைவனம் பார்க்கப் போகிறோம் என்று நேற்றே சொல்லிவிட்டான். திரும்பி வந்ததும், போன இடத்தில் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நல்ல திட்டம்தான். போனைப் பார்த்துப் பல்லைக் காட்டப் போன நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

வயிற்றுப் பிள்ளைக்காரி சிரித்துக்கொண்டு நிற்கிற படம் முதலில் போகும்.

பிள்ளை போன சேதி பின்னால் போகும்.

அம்மாவுக்கு என்று அவன் அனுப்புவதெல்லாம் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில்தான்; அதில் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் பேசப்போவது அவளுக்கு இங்கிருந்தே கேட்டது. அஞ்சு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போனாளாம், பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாளாம். அத்தை நேரில் ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் கல்யாண வீட்டில், காதுகுத்தில், காலம் பூரா இந்தப் பேச்சு ஓடும்.

அவனை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள்.

சட்டத்துக்குப் பயந்து பழியை அவள் தலையில் தூக்கி வைக்கிறான். வைக்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெயில் கண்ணுல அடிக்குதா?" என்றான்.

அவள் தன் போனை எடுத்தாள். குடும்பக் குழுவைத் திறந்து, மைக்கை அழுத்திக்கொண்டு பேசினாள்.

"அத்தை, நாங்க ஊர் சுத்த வரல. பாப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. பொழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. டெக்ஸாஸ்ல கலைக்க விடமாட்டேங்கிறாங்க. அதான் பக்கத்து மாநிலத்துக்குப் போறோம். ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவு. வண்டி ஓட்டுறது உங்க மகன்தான்."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

அவன் ஓடிவந்தான். இன்னும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடு என்றான். அவன் போனிலிருந்து அதை அழிக்க முடியாது. அவளிடம்தான் கெஞ்ச வேண்டும். கெஞ்சினான்.

அவள் போனைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

மறுபடியும் பலகைக்குக் கீழே போய் நின்றாள். துப்பட்டாவை விலக்கினாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.

சிரிக்கவில்லை.

"இப்ப எடுங்க," என்றாள். "நானும் பாப்பாவும் சேந்து வேற படம் இல்ல."