நடுவில் இருந்த கோடு

"இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதே!"

தடித்த கண்ணாடிக்காரன் சோடாபுட்டி போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. மூலை மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிஸ்கிரீட் மேத்ஸ் வாத்தியாரும் பார்த்தார். அதுதானே வேண்டும் என்று, திட்டு வாங்கிக்கொண்டு எதிரே நின்ற மைனர் உள்ளுக்குள் குதித்தான்.

அந்த வாத்தியார் புள்ளி, கோடு கணக்கைப் பாடமாக நடத்துவதோடு விடுகிற ஆள் இல்லை. மாணவர்கள் ஆளுக்கொரு புள்ளி, சினேகிதர்களுக்கு நடுவில் ஒரு கோடு என்று வகுப்பையே கரும்பலகை ஓரத்தில் படமாக வரைந்து வைத்திருந்தார். கோடு இருந்தால் பரீட்சையில் பக்கத்தில் உட்கார முடியாது. மைனருக்கோ வகுப்பு பூராவும் சினேகம். எல்லாப் புள்ளிக்கும் அவனிடமிருந்து கோடு போனதால், போன இரண்டு தடவையும் வாத்தியாரின் மேஜைக்கு எதிரே தன்னந்தனியாக உட்கார்ந்து வெள்ளைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தான். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்புக்கு முழுக்கு. பெரியப்பாவின் சிமென்ட் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

அதனால்தான் அறைத்தோழனும் கணக்கில் புலியுமான சோடாபுட்டியோடு இந்தப் பொய்ச் சண்டை. வசனமெல்லாம் மைனரே எழுதிக் கொடுத்தது.

"என் சட்டையைக் கேக்காம எடுத்துப் போடறே. துவைச்சாவது குடுத்திருக்கியா?"

இது எழுதிக் கொடுத்ததில் இல்லையே! ஆனாலும் எடுபட்டது.

"போடா, கஞ்சப்பயலே!" என்று மைனர் தன் வசனத்தை ஒப்பித்தான்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ எட்டிப் பாத்தியாடா? போன் பண்ணி, 'என் அசைன்மென்ட் முடிஞ்சுதா'ன்னுதானே கேட்டே!"

சோடாபுட்டியின் குரல் உடைந்தது. கண்ணாடிக்குள் கண்ணீரே வந்துவிட்டது. படுபாவி, என்னமாய் நடிக்கிறான் என்று மைனர் வாயைப் பிளந்தான்.

மறுநாள் வாத்தியார் டஸ்டரை எடுத்து அந்த ஒரு கோட்டை மட்டும் அழித்தார். "இவன் பக்கத்துல உட்கார லாயக்கான ஒரே ஆள் இனிமே நீதான்ப்பா," என்றார் சோடாபுட்டியிடம்.

மைனர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வகுப்பு முடிகிறவரை சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அறைக்கு வந்த பிறகும் சோடாபுட்டி பேசவில்லை. யாராவது பார்த்துவிட்டால் வம்பு என்று ஜாக்கிரதையாக இருக்கிறான், விவரமான பயல் என்று மெச்சிக்கொண்டே மைனர் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினான்.

பரீட்சை அறை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சோடாபுட்டி விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தான், இடது கையால் பேப்பரை முழுசாக மூடியபடி.

"டேய், கையை எடுடா. மறைக்குது."

கை அசையவில்லை.

"கோட்டைத்தான் அழிச்சாச்சே, இன்னும் எதுக்குடா நடிக்கிறே?" மைனருக்கு வியர்த்தது.

சோடாபுட்டி தலை நிமிராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

"அன்னிக்கு நடிச்சது நீ மட்டும்தான்டா."