நடுக்கதவு

“இந்த வீட்டுல ஒருத்தருக்கு என்னைக் கண்டாலே ஆகல. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்!”

சாப்பாட்டு மேஜையைத் தட்டிக் கத்தினார் மாமனார். பெயர்தான் சொல்லவில்லை. கண் மருமகள் மேலேயே இருந்தது.

விஷயம் பெரிதில்லை. ஒரு ரப்பர் கட்டை.

பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறவர் அவர். இடிக்கிற வீடுகளில் சுமை தூக்கி ஆரம்பித்து, பேரம் பேசிப் பேசியே முன்னுக்கு வந்தவர். சொந்த வீட்டில் ஏழு கதவு. ஏழும் ஏழு வீட்டில் கழற்றியது. ஒன்றுகூட நிலைச்சட்டத்தில் ஒழுங்காக உட்காராது. வாசற்கதவைத் திறந்தால் போதும், காற்று உள்ளே பாய்ந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கதவை ‘படார்’ என்று அறையும். சுவரே அதிரும்.

“கதவு வியாபாரி வீட்டுக் கதவா இது?” என்று எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

முதலில் பழைய செருப்பை வெட்டிக் கதவுக்கடியில் சொருகினார். நழுவியது. கைப்பிடியில் துண்டைச் சுற்றிக் கட்டினார். அவிழ்ந்தது. கடைசியில், கடைக்காரர் ‘எடுத்துக்கிட்டு கிளம்புங்க சாமி’ என்று கும்பிடு போடுகிற வரை பேரம் பேசி, ஒரு ரப்பர் கட்டை வாங்கி வந்து நடுக்கதவுக்கு வைத்தார்.

இரண்டு நாள் கதவு வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் வேறொரு கோளாறு. மத்தியானம் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் மேஜைக்குத் தட்டு வந்துவிடும். அதில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு. அந்தத் தட்டு வரவில்லை.

“புருஷன் வந்து உட்கார்ந்து அரை மணி ஆச்சு. காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு?” என்று மனைவியின் எதிரில் போய் நின்று கரித்துக் கொட்டினார்.

“சரிங்க” என்றாள் மனைவி, கண் கலங்கி. அவளிடம் இருக்கிற பதிலே அது ஒன்றுதான். எதிர்த்துப் பேசாத பெண்சாதி என்று அதிலும் அவருக்குப் பெருமை.

மூன்றாம் நாளிலிருந்து தட்டு தயார். கட்டைதான் காணவில்லை. படார்!

சாயங்காலம் வந்து பார்த்தால், கட்டை அதே இடத்தில் சாதுவாக இருந்தது.

“ஆபீசுக்குக் கிளம்பறப்போ எடுத்துடறா. வந்ததும் வெச்சிடறா. என்னை வெறுப்பேத்தணும்னே!” என்று இப்போது மேஜையில் மகன் பக்கம் திரும்பினார். “இன்னொரு தடவை அந்தக் கதவு அறைஞ்சுது, நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பார்த்துக்கலாம். சொல்லிட்டேன்!”

மகன் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் காலை, கடைக்குப் போகிறேன் என்று கிளம்பித் தெருமுனையில் மறைந்து நின்றார். மகனுடைய வண்டி போனது. உடனே திரும்பி, பூனை மாதிரி வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நடுக்கதவை ஒரு கையால் பிடித்தபடி மருமகள் குனிந்திருந்தாள். இன்னொரு கையில் இருந்த கட்டை, கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“அகப்பட்டியா! ஆபீசுக்கு எதுக்கும்மா இது? அங்கேயும் கதவு அறையுதா?”

“மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

“நீ சொல்லி நான் கேக்கணுமா? பெட்டியைக் கட்டு!”

உள்ளே மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, உன் மருமக லட்சணத்தை வந்து பாரு!”

மனைவி திரும்பவில்லை.

“இங்க வாடின்னா!”

தெருவே திரும்பியிருக்கும். அவள் திரும்பவில்லை.

“பார்த்தியா, அவளையும் எனக்கு எதிரா திருப்பி விட்டுட்டே!”

மருமகள் கதவைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்தாள்.

படார்!

சுவர் அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. அடுத்த நிமிஷம் அந்தப் பக்கமிருந்து கதவு திறந்தது. ஈரக் கையில் தட்டோடு மனைவி நின்றாள்.

“வந்துட்டீங்களா? அதுக்குள்ள மணி ஒண்ணாயிடுச்சா?”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது.

“நான் கூப்பிட்டது... உன் காதுல விழலையா?” அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

“சரிங்க” என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே.

அவர் மருமகளைப் பார்த்தார்.

“ஒரு வருஷமா காது கேக்கல மாமா. கடை ஆளுங்களை ‘செவிட்டுப் பயலே’ன்னு நீங்க திட்டறது அத்தைக்குத் தெரியும். அதான் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நான் வீட்டுல இருந்தா கையைக் காட்டி சொல்லிடுவேன். இல்லாதப்போ, இந்தச் சுவர் அதிர்ந்தாத்தான் நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியும்.”

கைப்பையைத் திறந்து, ரப்பர் கட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“கட்டையை நீங்களே வைங்க. ஆனா அதுக்கு முன்னால அத்தையை டாக்டர்கிட்ட காட்டி, ஒரு காது மெஷின் வாங்கிக் குடுங்க மாமா... இந்த ஒரு தடவையாவது பேரம் பேசாம!”