தேவிப்ரியா போட்ட டிக்

"நான் சரியா பாத்துத்தான் சார் ஓ.கே. சொன்னேன்," என்றாள் தேவிப்ரியா. சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் சந்தேகமாக இருந்தது.

போளூர் ரோட்டில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரின் திரையில் ஒரு படமும் இல்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள்.

"ஏம்மா, நேத்து வரைக்கும் இருந்த படமெல்லாம் எங்க போச்சு?" டாக்டர் அருணாதேவியின் குரல் வராண்டா வரை கேட்டது. "உள்ள ஒரு அம்மா படுத்திருக்காங்க. பழைய படம் இல்லாம கட்டி வளந்திருக்கா, கரைஞ்சிருக்கான்னு நான் எப்படிச் சொல்றது?"

படங்கள் எங்கும் போகவில்லை. தனி ஸ்டோரேஜ் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தன. சர்வரை அந்தப் பெட்டியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள்தான், காலையில் ஏற்றிய புது கெர்னலோடு, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடு, ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்தது.

ஒத்துப்போகும் என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சோதித்து டிக் போட்டவள் தேவிப்ரியா. பகலில் வேலை, சாயங்காலம் லினக்ஸ் வகுப்பு என்று இருப்பவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் டிக் போட மாட்டாள்.

சர்வீஸ் கடை முதலாளி மாறன் பழைய கெர்னலுக்கே சர்வரைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நம்ம சோதனை மிஷின்ல புது கெர்னல் ஏத்தினதும் அணைச்சுப் போட்டீங்களா? அணைச்சுப் போடற வரைக்கும் உள்ள பழசுதான் ஓடும், தெரியுமில்ல?"

"போட்டாச்சு சார்," என்று முந்திக்கொண்டாள் கடையில் கூட வேலை பார்க்கும் நந்தினி. "ஆயுத பூஜைக்கு முந்தின நாளு இவ ஏத்திட்டு, கீழ்பென்னாத்தூர் போயிட்டா. பூஜை முடிஞ்ச மறுநாள் கடை தொறந்ததும் நானே பொத்தானை அமுக்கி அணைச்சுப் போட்டேன். அதுக்கப்புறம் வந்துதான் இவ டெஸ்ட் பண்ணா."

தேவிப்ரியா அவளை நன்றியோடு பார்த்தாள். தனக்காகப் பேச இவளாவது இருக்கிறாளே.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாறன் நிமிர்ந்தார்.

"அப்ப உன் டெஸ்ட்டுதான் கோளாறு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் நிரந்தரமா வச்சுக்க முடியும்னு சொல்லியிருந்தேன் இல்ல? பௌர்ணமி கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. நந்தினி இருக்கட்டும். நீ கடைக்குப் போய் உன் பொருளை எடுத்துக்கம்மா."

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ எதுவும் ஊருக்குள் வரவில்லை. தோழிகள் இருவரும் நடந்தார்கள். கிரிவலம் போகிறவர்கள் எதிரே ஆறு மாதிரி வந்துகொண்டிருக்க, தேவிப்ரியா தொலைந்துவிடாமல் நந்தினி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"புது கெர்னல் ஏறியிருந்ததைப் பாத்தேன். டிரைவர் சேந்துச்சு. ஒரு ஃபைலைப் போட்டு எடுத்துப் பாத்தேன். நான் எதைடி விட்டேன்?"

"கெர்னல் நம்பரை மாத்திப் பாத்திருப்ப. வேலை, கிளாஸுன்னு ஓடற, தூக்கம் வேற கம்மி. யாருக்குத்தான் தப்பு வராது?" நந்தினி வழியில் நிறுத்தி மோர் வாங்கிக் கொடுத்தாள். "குடி முதல்ல. நான் சார்கிட்ட உனக்காகப் பேசிப் பாக்கறேன். இந்த வேலையே உனக்கு ஒத்து வராதோ என்னமோ."

அப்படித்தான் போலிருக்கிறது என்று தேவிப்ரியாவும் நினைத்தாள். சரியாகப் பார்த்தவளுக்கு இப்படி ஆகுமா?

கடையில் பூஜை வாசனை இன்னும் போகவில்லை. சோதனை மிஷின் தலையில் சாமந்தி வாடிக் கிடந்தது. மானிட்டர், கீபோர்டு, பொத்தான், வாசலில் நின்ற ஸ்கூட்டி என்று எதையும் மாறன் விட்டிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

தேவிப்ரியா டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"முதல்ல இருந்து ஒருவாட்டி செஞ்சு பாத்துடறேன்டி. எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம போனா, இனிமே எதுலயும் என்னால டிக் போட முடியாது."

"வேலைதான் போயிடுச்சே, இனிமே எதுக்கு அதெல்லாம்?" நந்தினி தேவிப்ரியாவின் நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே நிமிஷம்."

அது பழைய மிஷின். கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பாதியில் நின்றுவிடும். பொத்தானை அமுக்கித்தான் அணைத்துப் போட வேண்டும். தேவிப்ரியா குனிந்து பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

நந்தினி பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய், பாத்துடி! சார் பூஜைல வச்ச பொட்டு, இதுவரைக்கும் ஒரு கை படல அதுல!"