மின்மினி மாறனுக்கு றெக்கை உண்டா?

"காமிக்ஸ்ல என்ன சார் பெரிய மின்மினி மாறன்? படத்துலதான் அவன் சூப்பரா இருக்கான்."

மலர்க்கொடி இப்படிச் சொன்னதும் முருகையன் பதறிப்போய்த் திரும்பினான். கட்டிய பெண்டாட்டிக்கு வாய் நீளம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அதை நீட்ட இடமா இல்லை? கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பார்க்கிற பிரபு சாரிடமா நீட்டுவது? அவர் ஒரு கையில் ஈரம் காட்டும் மெஷின் இருந்தது. கக்கத்தில் மின்மினி மாறன் காமிக்ஸ் இருந்தது. அந்தப் புத்தகம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

மெஷின் பதினேழுக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். அதோடு விட்டதா? வரிசையில் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். கடைசி என்றால் இன்னும் நாலு நாள். நாலு நாளும் மழை என்று டிவியில் சொல்லியாயிற்று. குறுவை நெல் மொத்தமும் நிலையத்துக் களத்தில் கிடக்கிறது. நனைந்தால் அங்கேயே முளைத்துவிடும்.

மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு இன்றைக்குப் பத்து மணிக்குத்தான் வெயிலே வந்தது. முருகையன் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தான். நறுக்கென்று உடையாமல் பல்லில் நசுங்கியது. அவன் அப்போதிலிருந்து வேண்டாத சாமி இல்லை. இந்த நேரம் பார்த்து ஆபீசரை வம்புக்கு இழுக்கிறாள் மகராசி.

பிரபு மெஷினை மேஜைமேல் வைத்தார். "என்னக்கா சொன்னீங்க?"

"ஆமா சார். காமிக்ஸ்ல அவனுக்கு ஒரு றெக்கைகூடக் கிடையாது."

"மாறன் பறக்கமாட்டான்க்கா, தாவுவான். நூத்திப் பத்து புக்கு வந்திருக்கு, ஒண்ணுலகூட அவன் பறந்ததில்லை. சினிமாக்காரங்க றெக்கையை ஒட்டி விட்டுட்டா அது மாறன் ஆயிடுமா?"

"பறந்தாத்தானே சார் பாக்க நல்லா இருக்கும்?"

சொல்லிக்கொண்டே அவள் பரப்பியிருந்த நெல்லுக்குள் இறங்கிக் காலால் கிளறிவிட்டபடி நடந்தாள். பிரபுவும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து அவள் பின்னாலேயே போனார்.

"சரி, றெக்கையை விடுங்க. முகமூடிக்கு என்ன சொல்றீங்க? பெத்த அம்மாவுக்கே தன் முகத்தைக் காட்டாதவன் மாறன். அதுதான் கதையோட உசுரு."

"படத்துல முகமூடியைக் கழட்டி அம்மா மடியில படுத்து அழுவானே சார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. இண்டர்வெல்லோட எழுந்து வந்துட்டேன்க்கா."

"அப்ப முழுசாப் பாக்காமலா குறை சொல்றீங்க?"

முருகையன் இருமினான். கண்ணைக் காட்டினான். கையைக்கூடப் பிசைந்து காட்டினான். அவள் திரும்பினால்தானே? கடைசியில் வாய்விட்டே சொன்னான். "ஏம்மா, சாருக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீ சும்மா இரு."

"அண்ணே, நீங்க குறுக்க வராதீங்க" என்றார் பிரபு. "இது பெரிய விஷயம்."

முருகையன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவதும் வருவதுமாக இருவரும் சண்டை போட்டார்கள். மாறன் யாரையும் இரண்டாவது அடி அடிக்கமாட்டான் என்றார் அவர். படத்தில் ஒரே மூச்சில் நாற்பது பேரை அடித்தானே என்றாள் இவள். பகலில் போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்துகிறவன் இரவில் டூயட் பாடலாமா என்று கேட்டார். சம்பளம் வாங்குறவன் பாடக்கூடாதா என்று திருப்பிக் கேட்டாள். பிரபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. நடுவில் குனிந்து ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கோபத்தில் பல்லைக் கடிக்கிறவர் நெல்லையும் சேர்த்துக் கடிக்கிறார் என்று முருகையன் நினைத்துக்கொண்டான். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. முக்கால் மணி நேரம் ஓடியது, ஒரு மணி நேரமும் ஓடியது. அவர் இன்னொரு நெல்லைக் கடித்தார்.

"போதும்க்கா. உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது." பிரபு விறுவிறுவென்று போய் மெஷினை எடுத்து வந்தார்.

தொலைந்தோம் என்று முருகையன் கண்ணை மூடிக்கொண்டான். இந்தக் கோபத்தில் பார்த்தால் எந்த நெல் தேறும்?

"பதினாறு புள்ளி எட்டு. சாக்கைப் பிடிங்கண்ணே."

முருகையன் ஓடிப்போய்ச் சாக்கை எடுத்து வந்தான். அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. பிரபு சீட்டு எழுத மேஜைக்குப் போனதும் மெல்லக் கேட்டான். "நீ எப்ப படத்துக்குப் போன? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நான் எங்க போனேன்? பஸ் ஸ்டாண்டு சுவத்துல போஸ்டரைப் பாத்தேன். றெக்கையோட நிக்கிறான். மிச்சமெல்லாம் அவர் ஒண்ணு சொன்னா நான் அதுக்கு எதிரா ஒண்ணு சொன்னேன். உங்ககூடப் பதினாலு வருஷமா குடும்பம் நடத்துறேன், இதுகூட வராதா?"

"எதுக்குடி?"

"நெல்லுக்கு ஒரு மணி நேரம் வெயில் வேணும்ல? நெல்லுல மெஷினை வெச்சிட்டா அதோட போச்சுங்க."

முருகையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இவளையா வாயாடி என்று திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. கூடவே பிரபுவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. நல்ல மனுஷன், இப்படி ஏமாந்துவிட்டாரே.

பிரபு வந்து சீட்டை மலர்க்கொடியின் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அடுத்த தடவை போஸ்டரை அடி வரைக்கும் படிங்கக்கா. அந்தப் படம் தீபாவளிக்குத்தான் ரிலீஸ், இன்னும் பத்து நாள் இருக்கு."