கேம்ப் கட்டணம்

"ஒரு விசிலுக்கு இவ்ளோ ரூபாயா? மண்டியில நான் வாயாலயே ஊதுவேன்டா, மார்க்கெட்டே திரும்பிப் பாக்கும்!"

கலியபெருமாள் போட்ட சத்தத்தில் மூலக்குளத்து வீட்டு வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் அவர். கையை விட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் வந்தாக வேண்டும் அவருக்கு.

அப்படிப்பட்டவரிடம்தான் எம்.காம். படிக்கும் மகன் கோபிநாத், காலேஜ் ஸ்கவுட்டில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். சாம்பல் சட்டை, நீல பேன்ட், பெல்ட், தொப்பி, கழுத்தில் சுற்றும் ஸ்கார்ஃப், விசில் என்று நேரு வீதிக் கடையில் ஏற்கெனவே பர்ஸ் காலி. இப்போது ஏற்காட்டில் ஒரு வாரம் கேம்ப், அதற்குத் தனிப் பணம்.

"இன்னாடா இது, காலேஜ்ல படிக்கிறியா, மிலிட்டரில சேர்றியா?"

"ஸ்கவுட் சர்ட்டிபிகேட் இருந்தா ரயில்வேல வேலை கெடைக்கலாம்பா."

ரயில்வே என்றதும் கலியபெருமாள் குளிர்ந்துபோனார். மனதுக்குள் இலவச பாஸில் காசிக்கே போய் வந்துவிட்டார்.

"சரி, குடுக்கறேன். ஆனா கட்ன காசுக்கு உருப்படியா எதனா கத்துக்கினு வரணும். சும்மா ஊர் சுத்திட்டு வந்தே, மறுநாளே மண்டியில மூட்ட தூக்க வச்சிடுவேன்."

கோபி பெரிதாகத் தலையாட்டினான். "அப்படியே உங்க பட்டு வேட்டியும் வேணும்பா. கேம்ப் ஃபயர்ல ஒரு நாடகம்."

"அதையும் உருவிக்கினு போ!"

அந்த வாரம் முழுக்க அவருக்கு மண்டியில் இருப்புக் கொள்ளவில்லை. வெங்காயம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் மகன் ரயில்வேயில் சேர்ந்துவிட்ட மாதிரியே பேசினார்.

கேம்ப் முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கோபியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அம்மா அஞ்சலாட்சி தண்ணீர் சொம்பை நீட்டுவதற்குள் அப்பாவின் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"இன்னா கத்துக்கினு வந்த?"

"முடிச்சு போடக் கத்துக்கிட்டேன்பா."

"எத்தன முடிச்சு?"

"மூணு."

கலியபெருமாளுக்கு வயிறு எரிந்தது. "மூணே மூணா? நம்ம மண்டில மூட்ட கட்டற ராமலிங்கம் விதவிதமா போடுவான்டா! அவன யாரு ஏற்காட்டுக்கு அனுப்புனது?"

"ஏங்க, புள்ள இப்பதான வந்துருக்கான்..." என்று அஞ்சலாட்சி இழுத்தாள்.

"நீ சும்மா இரு. டேய், அந்த மூணையாவது நீயே போட்டியா?"

"ஒண்ணுதான்பா நான் போட்டேன். மீதி ரெண்டையும் கூட வந்த ஒரு பொண்ணு போட்டுச்சு."

"நெனச்சேன்! பணம் கட்னது நானு, முடிச்சு போட்டது எவளோவா? அதுவும் இந்நேரம் அவுந்து போயிருக்கும்."

"அவுராதுப்பா. எல்லாரும் கை தட்டினாங்க."

"வாயால சொன்னா ஆச்சா? எங்க காட்டு, நான் கண்ணால பாக்கணும்."

கோபி வாசல் பக்கம் திரும்பினான்.

"அமுதா, உள்ள வா. அப்பா முடிச்சப் பாக்கணுமாம்."